உயிரைப் படிக்கப் பொறியியல் மூளை உதவுமா, குறுக்கே நிற்குமா?

#1 வளையம்

அழுத்தம், வெப்பநிலை, தொட்டியின் மட்டம் ஆகியவற்றைச் சொன்ன இடத்தில் நிறுத்திவைப்பதுதான் என் பிழைப்பு. கட்டுப்பாட்டுப் பொறியாளன். கொஞ்ச காலமாக மூலக்கூறு உயிரியல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது. இந்தப் புரதம் அதைத் தூண்டுகிறது, அது இன்னொன்றை அடக்குகிறது என்று பெயர்களாக அடுக்கி, அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு தூண்டுகிறது, எத்தனை நிமிடத்தில், வெளியிலிருந்து ஓர் இடையூறு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் படம் வாய் திறப்பதில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2002இல் யூரி லாசெப்னிக் என்ற உயிரியலாளரே தன் துறையைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதினார். பழுதான ரேடியோவை உயிரியலாளர்களிடம் கொடுத்தால், ஒவ்வொரு பாகமாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கினால் பாட்டு நிற்கிறதோ அதற்கு ஒரு பெயர் சூட்டுவார்கள். ரேடியோ மட்டும் பழுதாகவே கிடக்கும் என்பது அதன் சாரம்.

மாற்று வழி இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஈ.கோலை பாக்டீரியா. அது கொஞ்ச தூரம் நேராக நீந்தும், பிறகு ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திசை மாற்றும். சுற்றியுள்ள நீரில் அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலத்தைச் சட்டென்று, எல்லா இடத்திலும் ஒரே அளவாக, கூட்டினால் குட்டிக்கரணம் குறைகிறது. சில நிமிடங்களில் பழைய விகிதத்துக்கே திரும்பிவிடுகிறது, அஸ்பார்ட்டேட் குறையாமல் அப்படியே இருந்தும். பழைய விகிதத்துக்கு ஏறக்குறையத் திரும்புவதாக இருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். மிகத் துல்லியமாகத் திரும்புகிறது. 1997இல் பர்க்காய், லெய்ப்லர் இருவரும் இந்தத் துல்லியம் புரத அளவுகளின் தற்செயல் பொருத்தத்தால் வருவதில்லை, வலையமைப்பின் வடிவத்தால் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1999இல் சோதனையும் நடந்தது. வெளியே இருக்கும் பொருளை உணரும் புரதங்களான ஏற்பிகளில், மெத்தில் குழு என்ற சிறு வேதித்துண்டை ஒட்டும் செ-ஆர் (CheR) என்ற நொதியின் அளவைப் பல மடங்கு ஏற்றி இறக்கினார்கள். திரும்ப எடுக்கும் நேரம் மாறியது, அடிப்படைக் குட்டிக்கரண விகிதமும் மாறியது. திரும்பும் துல்லியம் மட்டும் அசையவில்லை. 2000இல் டாய்ல் குழுவினர் இதற்குள் இருப்பது தொகையீட்டுப் பின்னூட்டம் என்று நிறுவினார்கள். அதாவது, இலக்குக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தை (அதைத்தான் பிழை என்போம்) காலப்போக்கில் கூட்டிக்கொண்டே போய், அந்தத் தொகையை வைத்துத் திருத்துவது. என் தொழிற்சாலையில் ஒவ்வொரு வால்வுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும் அதே உத்தி!

ஆகவே என் வாதம் இதுதான். உயிரியலைப் பொறியியலாகக் கற்பிக்க வேண்டும். எந்த அளவு காக்கப்படுகிறது, எந்த இடையூறுக்கு எதிராக, எதை விலையாகக் கொடுத்து என்ற மூன்று கேள்விகளில் தொடங்க வேண்டும். பெயர்ப் பட்டியல் பின்னால் வரட்டும்.

#2 ஈஸ்ட்காரி

வணக்கம் வளையம். ஆய்வகத்தில் மரபணுச் சுற்றுகள் கட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். உயிரியலாளர்கள் பெயர் சூட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. 1961இல் ஜாக்கோபும் மோனோவும் மரபணுவை அடக்கும் புரதங்களைப் பற்றி எழுதியபோதே, அவற்றை இப்படிக் கோத்தால் சுவிட்சு வரும், அப்படிக் கோத்தால் ஊசலாட்டம் வரும் என்று படம் போட்டுப் பேசிவிட்டார்கள். கட்டிப் பார்க்கக் கருவி இல்லாததுதான் குறை.

கருவி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். 2000இல் எலோவிட்ஸ், லெய்ப்லர் இருவரும் மூன்று அடக்கிப் புரதங்களை வட்டமாகக் கோத்தார்கள். முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது மறுபடி முதலாவதை. காகிதத்தில் அழகான ஊசல். செல்லுக்குள் வைத்தால் சுமார் 150 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் செல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. செல்லுக்குள் மூலக்கூறுகள் குறைந்த எண்ணிக்கையில் இருக்கின்றன, இரைச்சல் தவிர்க்க முடியாதது என்று பல ஆண்டுகள் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

2016இல் வேறொரு குழு அதே சுற்றை எடுத்துப் பழுது பார்த்தது. மூன்று புரதங்களும் சீக்கிரம் அழிய வேண்டும் என்பதற்காக அவற்றின் வாலில் ‘என்னைச் சிதை’ என்று ஓர் அடையாளம் ஒட்டப்பட்டிருந்தது. ஒளிரும் புரதத்துக்கும் அதே மாதிரி வால். இவற்றை எல்லாம் வெட்டும் நொதி செல்லில் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆகவே வரைபடத்தில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத புரதங்கள் அந்த நொதிக்காக வரிசையில் நின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று சிதைவது தாமதமானது. வரைபடத்தில் இல்லாத கம்பி அது! அந்த வால்களை எடுத்து, அளவைக் காட்டும் ஒளிப்புரதத்தின் தொல்லையையும் அகற்றி, வேறு சில மாற்றங்களும் செய்தபோது ஊசல் பல தலைமுறைகளுக்குத் தாளம் தவறாமல் ஓடியது.

உங்கள் தொழிற்சாலையில் ஒரு வால்வைத் திறந்தால் வேறு கட்டிடத்தில் இருக்கும் அழுத்தமானி கூடுதலாகக் காட்டுமா? செல்லுக்குள் அதுதான் நடைமுறை. புரதம் கட்டும் ரைபோசோம், ஆற்றல், சிதைக்கும் நொதி எல்லாம் பொதுச் சொத்து. ஒரு பாகத்தின் வெளியீட்டை இன்னொன்றுடன் இணைத்தாலே முதல் பாகத்தின் நடத்தை மாறிவிடும். டெல் வெக்கியோ, நின்ஃபா, சொன்டாக் மூவரும் 2008இல் இந்தப் பின்சுமைக்குக் கணக்கு வகுத்தார்கள். ‘பாகம்’ என்று நீங்கள் சொல்லும்போது மனத்தில் இருக்கும் அந்தச் சுவர் செல்லில் இல்லை.

#3 தும்பி

பொறியாளர்கள் உயிரியலுக்குள் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வடிவமைப்பாளரையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ‘எதற்காக’ என்ற கேள்வி அதன் வாசல்.

ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து புறப்பட்டு, கழுத்து நெடுகக் கீழே இறங்கி, இதயத்துக்கு அருகில் ஒரு தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து நெடுக ஏறி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது. மீன் போன்ற மூதாதையரிடம் அது நேர்வழியாக இருந்தது. கழுத்து நீண்டது, வழி மாறவில்லை. இதில் எந்த இடையூறுக்கு எதிராக எது காக்கப்படுகிறது? வரலாறு இருக்கிறது, அவ்வளவுதான்.

1977இல் ஜாக்கோப் சொன்னதும் இதுவே. பரிணாமம் பொறியாளரைப் போல வேலை செய்வதில்லை. கையில் கிடைத்ததை ஒட்டிச் சமாளிப்பவரைப் போல வேலை செய்கிறது.

#4 நிரலன்

தும்பியின் பக்கம் ஒரு சாட்சி. ஆனால் வளையத்துக்கும் உதவும்.

2017இல் ஜோனஸ், கோர்டிங் என்ற இருவர் நரம்பியல் முறைகளை ஒரு பழைய நுண்செயலியின் மேல் ஏவிப் பார்த்தார்கள். மாஸ் 6502 என்ற சில்லு. அதன் 3510 டிரான்சிஸ்டர்களும் எங்கே, எதோடு இணைந்திருக்கின்றன என்பது முழுமையாகத் தெரியும். அதில் மூன்று பழைய வீடியோ விளையாட்டுகளை (டாங்கி காங் அவற்றில் ஒன்று) ஓடவிட்டு, கணினிப் பாவனையில் ஒவ்வொரு டிரான்சிஸ்டராக முடக்கினார்கள். சிலவற்றை முடக்கினால் ஒரே ஒரு விளையாட்டு மட்டும் ஓட மறுத்தது. நரம்பியல் வழக்கப்படி அவற்றை ‘டாங்கி காங் டிரான்சிஸ்டர்’ என்று அழைத்திருக்கலாம்! உண்மையில் அவை அடிப்படைக் கூட்டல் போன்ற ஏதோ ஒரு சில்லறை வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த விளையாட்டுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவே.

மனிதர் வடிவமைத்த, முழு வரைபடமும் கையில் இருக்கிற ஒரு பொருளிலேயே, எல்லாத் தரவும் கிடைத்தும், அந்த முறைகள் அதன் உள்ளமைப்பை எடுத்துத் தரவில்லை. ஆகவே ‘பிடுங்கிப் பார்’ முறை போதாது என்று வளையம் சொல்வது சரி. ஆனால் சில்லுக்குப் பதிவேடு, கடிகாரம், கட்டளைத் தொகுப்பு என்ற கருத்துகள் நமக்கு முன்பே தெரியும். செல்லுக்கு அந்த அகராதி எங்கே?

#5 வளையம்

பதில்களுக்கு நன்றி. தும்பி, ‘எதற்காக’ என்ற கேள்விக்கு வடிவமைப்பாளர் தேவையில்லை. எனக்கு ஒரு தேற்றம் போதும்.

பிரான்சிஸ், வொன்ஹாம் இருவரும் 1976இல் நிறுவியது: ஒரு நிலையான இடையூறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பாகங்களின் அளவுகள் கொஞ்சம் முன்பின் ஆனாலும், ஓர் அமைப்பு தன் வெளியீட்டைத் துல்லியமாக மீட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், அதற்குள் எங்கோ பிழையைக் கூட்டிச் சேமிக்கும் ஒரு தொகையீடு இருந்தே ஆக வேண்டும். இருக்கலாம் என்பதில்லை, இருந்தே ஆக வேண்டும். கட்டியவர் பொறியாளரா, தற்செயலா, தேர்வா என்பதைத் தேற்றம் கேட்பதில்லை. ஒட்டிச் சமாளிப்பவரும் இந்த விதிக்குக் கீழேதான் ஒட்டியாக வேண்டும்.

நிரலன் கேட்ட அகராதி இதுதான் என்பேன். உறுதியான தகவமைப்பைக் கண்டால், ‘உள்ளே சேமிப்பு எங்கே?’ என்று தேடலாம். ஈ.கோலையில் அது ஏற்பிகளின் மெத்தில் அளவு. நரம்பு சுற்றி வளைப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதில் எந்த அளவும் நிலைநிறுத்தப்படவில்லை.

#6 மந்தைவைத்தியர்

நான் கால்நடை மருத்துவன். ஆய்வகமும் தேற்றமும் எனக்குத் தூரம். ஆனால் நீங்கள் பேசுவதை நான் கன்று ஈன்ற பசுவின் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நல்ல கறவைப் பசு. மூன்றாவது, நான்காவது ஈற்று. கன்று போட்டு ஒரு நாள்கூட ஆகியிருக்காது. முதலில் தள்ளாட்டம், பிறகு படுத்துவிடும், எழுப்பினால் எழாது. கழுத்தை எஸ் வடிவில் வளைத்துத் தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லிட்டிருக்கும். பால் காய்ச்சல் என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிட்டது. விட்டால் செத்துவிடும்.

ஏன் விழுகிறது? 600 கிலோ பசுவின் ரத்த நீர் முழுவதிலும் இருக்கும் கால்சியம் சுமார் 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம். பத்து லிட்டர் கறந்தால் ரத்தத்தில் இருப்பதைப் போல ஆறேழு மடங்கு மடி வழியே போய்விடுகிறது. முந்தைய நாள்வரை இந்தச் செலவு கிடையாது. ஒரே நாளில் வந்து, அதன் பிறகு மாதக்கணக்கில் நிற்காமல் இருக்கும் செலவு. வளையம் சொன்ன ‘நிலையான இடையூறு’ இதைவிடத் தெளிவாக எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

உடல் இதைச் சமாளிக்க இரண்டு கைகள் வைத்திருக்கிறது. கால்சியம் குறைந்த உடனேயே பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். சிறுநீரகத்தில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும், எலும்பிலிருந்து எடுக்கச் சொல்லும். அதே ஹார்மோன் சிறுநீரகத்தை வைட்டமின் டியின் செயல்வடிவத்தைத் தயாரிக்கவும் வைக்கிறது. அது குடலுக்குப் போய்த் தீவனத்திலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்ச வைக்கும். இந்த இரண்டாவது கை மெதுவானது. வேலை தெரிய ஒரு நாளாவது ஆகும். எலும்பு இன்னும் தாமதம். 2002இல் எல்-சமத், கோஃப், கம்மாஷ் மூவரும் (கோஃப் எங்கள் துறைக்காரர்) இதைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் எழுதிக் காட்டினார்கள். பாராதைராய்டு ஹார்மோன் பிழைக்கு விகிதமாக வேலை செய்கிறது. வைட்டமின் டி ஹார்மோன் பிழையைக் காலப்போக்கில் கூட்டிச் சேமிக்கிறது. இந்தப் பின்னூட்ட வளையம் முறிவதுதான் பால் காய்ச்சல். படித்தபோது, இத்தனை காலமும் மனப்பாடமாகச் செய்த சிகிச்சைக்குக் காரணம் கிடைத்தது.

மூன்று விஷயம் சொல்கிறேன்.

படுத்த பசுவுக்குச் சிரை வழியாகக் கால்சியம் ஏற்றுவோம், மெதுவாக, இதயத்தைக் கேட்டுக்கொண்டே. கண் முன்னால் நடுக்கம் வரும், சாணம் போடும், எழுந்து நிற்கும். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். சில மணி நேரம் கழித்துச் சில பசுக்கள் மறுபடி படுத்துவிடும். ஏன்? நாம் ஏற்றியதில் கால்சியம் இயல்பைத் தாண்டிப் போகிறது. உடல் ‘போதும்’ என்று பாராதைராய்டு ஹார்மோனை இறக்கிவிடுகிறது. மெல்ல வேலைக்கு வந்துகொண்டிருந்த வளையத்தை நாமே அணைத்துவிடுகிறோம். அதனால்தான் தள்ளாடினாலும் நின்றுகொண்டிருக்கும் பசுவுக்குச் சிரையில் ஏற்றாமல் வாய்வழிக் கால்சியம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது. ஈற்றுக்கு முன் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் நல்லது என்று மாடு வளர்ப்பவர்கள் நினைப்பார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்கள். நேர்மாறு! ஈற்றுக்கு முந்தைய வாரங்களில் தீவனத்தில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால் வளையம் முன்கூட்டியே விழித்திருக்கும். செலவு வரும் நாளில் இரண்டு கைகளும் தயார். நடைமுறையில் அவ்வளவு குறைந்த கால்சியம் உள்ள தீவனம் கிடைப்பது கடினம் என்பது வேறு கதை.

மூன்றாவதுதான் பொறியாளருக்கானது. பால் காய்ச்சலில் படுத்த பசுவின் ரத்தத்தைச் சோதித்தால் பாராதைராய்டு ஹார்மோன் நிறைய இருக்கிறது. உணரி சரி. கட்டளையும் போகிறது. கேட்க வேண்டிய எலும்பும் சிறுநீரகமும் கேட்கவில்லை. பொட்டாசியம் மிகுந்த தீவனத்தால் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்தால் அந்த ஹார்மோனுக்குத் திசுக்கள் மந்தமாகின்றன. ஈற்றுக்கு முன் எதிரயனி உப்புகள் கொடுத்து அமிலப் பக்கம் லேசாகத் திருப்பினால் காது கேட்கத் தொடங்குகிறது. வயதான பசுவில் எலும்பின் சுறுசுறுப்பும் குடலின் வைட்டமின் டி ஏற்பிகளும் குறைந்துவிடுகின்றன. முதல் ஈற்றுக் கிடாரிக்கு இந்த நோய் அரிதாக இருப்பதும் இதனால்தான்.

#7 முதலாண்டு

டாக்டர், மிகவும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகம், சின்னதாகத் தோன்றலாம். பாராதைராய்டு ஹார்மோன் உடனே வேலை செய்கிறது என்கிறீர்கள். அதையே இன்னும் பலமாக வைத்துக்கொண்டால் போதாதா? மெதுவான இரண்டாவது கை எதற்கு?

#8 வளையம்

சின்ன சந்தேகம் இல்லை தம்பி, என் துறையில் முதல் பாடமே இதுதான்.

விகிதக் கை மட்டும் இருந்தால், அது வேலை செய்யப் பிழை இருந்துகொண்டே இருக்க வேண்டும். கால்சியம் இயல்புக்குத் திரும்பினால் ஹார்மோனும் இயல்புக்கு இறங்கிவிடும். மடி வழியே போகும் கூடுதல் செலவை அப்போது யார் ஈடுகட்டுவது? ஆகவே கால்சியம் இயல்புக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியில் போய் நின்றுவிடும். பலத்தைக் கூட்டினால் அந்த இடைவெளி குறையும், மறையாது. அதோடு, எலும்பு பதில் சொல்வதற்குள் நேரம் ஆகிறது என்று டாக்டர் சொன்னார் அல்லவா? தாமதம் உள்ள வளையத்தில் பலத்தைக் கூட்டினால் ஊசலாட்டம் வரும். கீழே விழுந்ததற்காகக் கொடுத்த கட்டளை, மேலே ஏறிய பிறகு வந்து சேரும்.

சேமிக்கும் கை வேறு மாதிரி. பிழை இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். பிழை பூச்சியமானதும் ஏறுவதை நிறுத்தி, ஏறிய உயரத்திலேயே நிற்கும். கால்சியம் இயல்பில், வைட்டமின் டி ஹார்மோன் மட்டும் உயரத்தில். செலவை அது ஈடுகட்டும். நடுவே கால்சியம் ஆபத்தான அளவுக்கு விழாமல் பிடித்துக்கொள்வது முதல் கையின் வேலை.

டாக்டர் சொன்ன மறுபடி படுக்கும் பசுவை எங்கள் ஆலையிலும் பார்த்திருக்கிறேன். தானியங்கிக் கட்டுப்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கையால் வால்வைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

#9 பழையபொறியாளர்

நீண்ட விவாதம். ஆனால் எல்லோரும் புரிந்துகொள்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை ஈஸ்டில் தயாரிப்பதுதான் இந்தத் துறையின் விளம்பரப் பலகையாக இருந்தது. 2006இல் கீஸ்லிங் குழு அதன் முன்பொருளான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்டில் தயாரித்துக் காட்டியது. லிட்டருக்கு 100 மில்லிகிராம்வரை. 2013இல் அது லிட்டருக்கு 25 கிராம் ஆனது. நினைத்துப் பாருங்கள், 250 மடங்கு. பெரிய சாதனைதான். சனோஃபி என்ற மருந்து நிறுவனம் தொழிற்சாலை அளவில் தயாரித்தது. அதற்குள் செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை விழுந்துவிட்டது. 2016இல் அந்த ஆலையையே விற்றுவிட்டார்கள்.

வடிவமைப்பு என்றால் விலையும் அதில் ஒரு கட்டுப்பாடு. செடி வளர்ப்பவர் உங்கள் சுற்றுப்படத்தைப் பார்த்துவிட்டு வயலை மூடிக்கொண்டு போக மாட்டார்.

#10 ஈஸ்ட்காரி

பழையபொறியாளர் ஐயாவுக்கு: உண்மை. ஆனால் அந்த 250 மடங்கும் வெறும் சுற்றுப்படத்தால் வரவில்லை. எந்த நொதி எங்கே பின்தங்குகிறது, எந்த இடைப்பொருள் சேர்ந்து ஈஸ்டைக் கொல்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. விடுபட்ட ஒரு நொதியைச் செடியில் மறுபடி தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்.

வளையத்துக்கு: உங்கள் தேற்றத்தை நான் மறுக்கவில்லை. அதை வைத்துக் கட்டியும் பார்த்துவிட்டார்கள். இரண்டு மூலக்கூறுகள். ஒன்று இலக்குக்கு ஏற்ப உருவாகும், மற்றொன்று வெளியீட்டுக்கு ஏற்ப உருவாகும். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று முடக்கிக்கொள்ளும். மிஞ்சுவதன் அளவுதான் இதுவரை சேர்ந்த பிழை. பிரியாட், குப்தா, கம்மாஷ் மூவரும் 2016இல் கோட்பாட்டைத் தந்தார்கள். 2019இல் கம்மாஷ் குழு ஈ.கோலையில், மரபணுவை இயங்கவைக்கும் புரதமான ஒரு சிக்மா காரணியையும் அதை முடக்கும் எதிர்க்காரணியையும் வைத்துக் கட்டியது. இடையூறு கொடுத்தும் வெளியீடு மீண்டது. பால் காய்ச்சல் கட்டுரையிலும் அதே கம்மாஷ்தான் என்பதைக் கவனியுங்கள். பசுவில் படித்ததைப் பாக்டீரியாவில் கட்டியிருக்கிறார்.

ஆனால் இரண்டு உதைப்புகள். செல் வளர்ந்து பிரியும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு புரதமும் நீர்த்துப்போகிறது. சேமித்த பிழையும் அதோடு கசியும். கசியும் தொகையீடு துல்லியமாக மீட்காது. கசிவை மிஞ்ச வேண்டுமென்றால் அந்தப் புரதங்களை நிறையத் தயாரிக்க வேண்டும். நிறையத் தயாரித்தால் செல்லின் வளர்ச்சி மந்தமாகும்.

வளர்ச்சி மந்தமாவதுதான் இரண்டாவது உதைப்பு. நான் வைத்த சுற்று செல்லுக்குச் சுமை. மரபணுத் திடீர்மாற்றத்தால் சுற்றை உடைத்துக்கொண்ட ஒரு செல் கொஞ்சம் வேகமாக வளரும். குடுவையில் போதுமான தலைமுறை ஓடினால் என் சுற்றை உடைத்தவர்களின் வாரிசுகள்தான் மிஞ்சியிருக்கும். உங்கள் ஆலையில் இருக்கும் கட்டுப்படுத்தி, தன்னைக் கழற்றிக்கொண்ட ஆலைகளுடன் போட்டியிட வேண்டியதில்லை.

#11 தும்பி

ஈஸ்ட்காரி சொன்ன கடைசி வரிதான் நான் சொல்ல வந்தது, என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

தேற்றம் பற்றி யோசித்தேன். பொறியியலின் பொருளைப் பரிணாமத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1990களில் ஏட்ரியன் தாம்ப்சன் என்பவர் மறுவடிவாக்கக்கூடிய ஒரு மின்சில்லில் 100 கட்டங்கள் கொண்ட பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரு கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறியும் சுற்றைச் செயற்கைத் தேர்வால் பெற்றார். கடிகாரமே இல்லாமல் அது வேலை செய்தது. வெளியீட்டுக்குப் போகும் வழியில் இணைப்பே இல்லாத சில கட்டங்களை முடக்கினாலும் சுற்று கெட்டது. அதே வடிவத்தைச் சில்லின் வேறு மூலையில் வைத்தால் ஒழுங்காக ஓடவில்லை. வெப்பநிலை கொஞ்சம் விலகினாலும் தகராறு. ஈஸ்ட்காரியின் ‘வரைபடத்தில் இல்லாத கம்பி’ இங்கேயும். மின்சில்லிலேயே இப்படி என்றால், பல நூறு கோடி ஆண்டுகள் வெந்த செல்லில் பாகங்களைப் பிரித்து வரைவது எங்கே?

#12 நிரலன்

அதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. 2016இல் அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனத்தில் 473 மரபணுக்கள் மட்டும் உள்ள ஒரு செல்லைக் கட்டினார்கள். வேண்டாதவை என்று தெரிந்த எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிஞ்சியது. அதில் 149 மரபணுக்களின் வேலை என்ன என்று கட்டியவர்களுக்கே தெரியவில்லை. எடுத்தால் செல் சாகிறது அல்லது நொண்டுகிறது, அதனால் வைத்திருந்தார்கள். டாங்கி காங் நினைவுக்கு வரவில்லையா?

#13 வளையம்

தும்பி, தாம்ப்சன் சோதனையின் பிற்பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். முதல் சுற்று ஒரே சில்லில், ஒரே வெப்பநிலையில் தேர்வானது. அந்தச் சில்லின் அந்தரங்கங்களை எல்லாம் அது பயன்படுத்திக்கொண்டதில் வியப்பில்லை. வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. பிறகு அவரே பல சில்லுகளிலும் பல வெப்பநிலைகளிலும் ஓடினால்தான் தேர்ச்சி என்று வைத்தார். அப்போது உறுதியான சுற்றுகள் வந்தன. இடையூறு தேர்வுக்குள் வந்தால், உறுதிக்கான அமைப்பும் வருகிறது.

அதனால் என் முதல் பதிவின் அகலத்தைக் குறைத்துக்கொண்டு சொல்கிறேன். செல்லின் எல்லா மூலையிலும் பொறியியல் கிடைக்காது. எந்த அளவு தலைமுறை தலைமுறையாக இடையூறுக்கு ஆளாகி, விலகினால் உயிருக்கே ஆபத்தாக இருந்ததோ, அங்கே தேடினால் கிடைக்கும். ரத்தக் கால்சியம் அப்படிப்பட்டது. ஒட்டகச்சிவிங்கியின் நரம்பு அப்படிப்பட்டது இல்லை.

#14 முதலாண்டு

அப்படியானால் எங்கே தேடுவது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, அல்லது கிடைத்த பிறகுதான் ‘இங்கே இருக்க வேண்டியதுதான்’ என்று சொல்வோமா?

#15 தும்பி

நல்ல கேள்வி தம்பி. நான் வளையத்திடம் கேட்க நினைத்ததை நீ கேட்டுவிட்டாய்.

முன்கூட்டியே சொல்ல ஒரு வழி தேற்றத்திலேயே இருக்கிறது. அதன் நிபந்தனை ‘துல்லியமாக மீண்டால்’. துல்லியமாக மீளவில்லை என்றால் தொகையீடு இருந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே படத்தை வரைவதற்கு முன் மீளும் துல்லியத்தை அளந்துவிட வேண்டும். ஈ.கோலையையே எடுங்கள். அஸ்பார்ட்டேட்டுக்குத் துல்லியமாக மீள்கிறது என்று வளையம் சொன்னார், சரி. அதே பாக்டீரியா, அதே மெத்தில் நொதிகள், ஆனால் செரைன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் கூட்டினால் பழைய விகிதத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. செரைனின் ஏற்பி வேறு. ஒரே கட்டுப்படுத்தி ஒரு வாசலில் துல்லியம், இன்னொரு வாசலில் இல்லை. பாடநூல் படம் முதல் வாசலை மட்டும் வரைகிறது.

#16 ஈஸ்ட்காரி

செரைன் விஷயம் சரி. மெத்தில் ஒட்டக்கூடிய இடங்கள் ஓர் ஏற்பியில் சிலவே. அவை நிரம்பிவிட்டால் மேற்கொண்டு சேமிக்க இடமில்லை. வளையம், உங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் இருக்குமே?

#17 வளையம்

இருக்கிறது. வால்வு முழுதாகத் திறந்துவிட்டது, கட்டுப்படுத்தி இன்னும் திற என்கிறது, செறிவடைவு என்போம். இப்போது இதைச் சோதிக்கலாம்: செரைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அடர்த்தி வரை துல்லியமாக மீள்கிறது, எங்கே விலகத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். விலகும் புள்ளியில் மெத்தில் இடங்கள் நிரம்பியிருந்தால் காரணம் செறிவடைவு. நிரம்பாமலே விலகினால் கசிவு, அல்லது அந்த ஏற்பிக்கு மெத்தில் வேகம் வேறு விதமாகப் பிழையைச் சார்ந்திருக்கிறது. டாக்டர், உங்களுக்கும் இதே கேள்வி: குடல் உறிஞ்சும் அளவுக்கு உச்சவரம்பு உண்டா?

#18 மந்தைவைத்தியர்

உண்டு. தீவனத்தில் இருப்பதற்கு மேல் எந்த ஹார்மோனாலும் உறிஞ்ச முடியாது. அதிகம் கறக்கும் பசுக்கள் கறவையின் முதல் வாரங்களில் தின்பதைவிடக் கூடுதலாகக் கால்சியத்தை மடி வழியே விடுகின்றன. மிச்சம் எலும்பிலிருந்து வருகிறது. ரத்த அளவு மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றே காட்டும். எலும்பு கரைவது அந்த எண்ணில் தெரியாது. கறவை குறையும் மாதங்களில்தான் அது திரும்ப நிரம்பும்.

#19 முதலாண்டு

அப்படியானால் எலும்பும் ஒரு சேமிப்புத்தானே? தொகையீடு வைட்டமின் டியிலா, எலும்பிலா?

#20 வளையம்

எலும்பு சரக்குக் கிடங்கு. அதில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்து யாரும் கட்டளை போடவில்லை என்றால் அது கட்டுப்படுத்தி ஆகாது. யாராவது பார்க்கிறார்களா என்பது எனக்கும் கேள்விதான். டாக்டர், எலும்பு வற்றிய பசுவில் அதே கால்சியம் அளவுக்குப் பாராதைராய்டு ஹார்மோனின் பதில் மாறுமா? மாறினால் இந்த வளையத்தை மறுபடி வரைய வேண்டும்.